புளி தேய்த்த லேத்து

1968 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணி. மத்தியானம் முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆனாலும் வானம் வெளுக்கவில்லை. காயலிலிருந்து வந்த காற்றில் உப்பும் ஈரமும் இருந்தன. மட்டாஞ்சேரியில், எங்கள் சந்தின் கடைசியில் இருந்த அத்தை வீட்டு முன்னறையில், மாமாவின் லேத்து உடம்பில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் வெள்ளிபோலப் பளபளத்துக்கொண்டு நின்றது. அதைத் தேய்த்து அப்படி ஆக்கியவன் நான். எனக்கு அப்போது ஒன்பது வயதும் நான்கு மாதமும்.

லேத்து என்றால் இரும்பைச் சுழலவிட்டுச் சீவும் கடைசல் இயந்திரம். மாமாவுடையது ஐந்தடி நீளம். எங்கள் வீட்டில் இருந்த எல்லாரையும்விட வயதில் மூத்தது. மூடிப்போன ஒரு படகுப் பட்டறையின் ஏலத்தில், அத்தையின் ஆறு வளையல்களில் நான்கை விற்று எடுத்தது. அதற்கு இடம் விடுவதற்காக முன்னறைக் கட்டில் பின்னறைக்குப் போயிற்று. யார் வந்தாலும் லேத்தின் அருகே முக்காலியில் உட்கார்ந்துதான் சாயா குடிக்க வேண்டும். மாமா கூலி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தொழில் என்பது அந்த லேத்து மட்டும்தான்.

காலையில் தன் வாயில் சாயா படுவதற்கு முன்னால் மாமா லேத்துக்கு எண்ணெய் கொடுப்பார். மொத்தம் பதினான்கு இடங்கள். நான் எண்ணிக்கொண்டே கூட நடப்பேன். ஒன்றை விட்டுவிட்டால் சொல்வது என் வேலை. தலைப்பக்கத்தில் இரண்டு பித்தளைக் கிண்ணங்கள், அவற்றுக்குள் கம்பளித் திரி. திரி எண்ணெயைக் குடித்து, சுழலும் தண்டின் மேல் துளித்துளியாக இறக்கும். நீளத் திருகின் மரைப் பள்ளத்தில் ஒரு சணல் கயிற்றைக் கொடுத்துச் சுழலவிட்டால், உள்ளே அடைந்திருந்த கறுப்பு அழுக்கு புழுமாதிரி வெளியே வரும். கடைசியாகப் படுக்கை. எல்லா உறுப்புகளும் முன்னும் பின்னும் நகர்வதற்காகக் கீழே நீளமாகக் கிடக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கு அதுதான் பெயர். பழைய எண்ணெயைத் துணியால் வழித்தெடுத்துவிட்டுப் புதிய எண்ணெயை உள்ளங்கையால் தடவுவார். எங்கள் தெரு முழுக்க மிளகுக் கிடங்கும் சுக்குக் கிடங்கும். அந்தத் தூசி எல்லாம் எண்ணெயில் படிந்திருக்கும். மாமா வழித்துப் போட்ட துணியை மோந்துபார்த்தால் மூன்று தும்மல் நிச்சயம்.

“எண்ணெய் வழுக்கறதுக்கு மாத்திரம்னு நெனைக்காதே,” என்பார். “லேத்துக்கு இதுதான் உடுப்பு. இந்த உப்புக் காத்துல உடுப்பில்லாம நிப்பாட்டினா ரெண்டே நாள்ல சொறி பிடிச்சிரும்.”

இதை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். அத்தையிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

கொச்சியில் பூஜை என்றால், அஷ்டமி அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளைகள் புத்தகத்தையும் தொழிலாளிகள் ஆயுதத்தையும் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். தசமி காலையில் எடுக்கும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. படிக்கவே கூடாது என்று பெரியவர்களே உத்தரவு போடும் நாள்கள் வருடத்தில் அவை மட்டும்தான். நான் முதல் ஆளாகக் கணக்குப் புத்தகத்தை வைப்பேன். பின்னால் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதியே பிழைக்கப்போகிறேன் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் புத்தகத்தைத் திருப்பி எடுத்தே இருக்க மாட்டேன்.

லேத்தைச் சாமி அறைக்குத் தூக்கிப் போக முடியாது. எனவே சாமி லேத்திடம் வரும். அத்தை வீட்டுப் படங்களும் குத்துவிளக்கும் முன்னறைக்கு வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு படகை அளவெடுக்கக் கும்பளங்கிக்குப் போயிருந்தார். சிறிய காரியம் இல்லை. படகின் விசிறியைச் சுழற்றும் தண்டு முறிந்துபோய்ப் படகு கரையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் புதிய தண்டு கடைந்து தந்தால், அந்த முதலாளியின் மற்றப் பதினொரு படகுகளின் வேலையும் இனி மாமாவுக்குத்தான் என்று பேச்சு. வளையல்களைத் திரும்ப எடுப்பது பற்றி அந்த வாரம் இரண்டு வீட்டிலும் பேசினார்கள்.

அத்தைக்கு அந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அத்தை குடம் தூக்குவதில்லை. குழாயடியில் வரிசையில் நின்று மாமாவே தண்ணீர் பிடித்து வந்தார். பட்டப்பகலில் படுத்திருப்பாள். அத்தைக்குச் சோம்பல் என்பது என் முடிவு. ஆனால் அன்று மத்தியானம் எழுந்து வந்து, முக்காலியில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டாள்.

“போன வருஷம் லேத்துல பொட்டே ஒட்டல்ல. எண்ணெய்ப் பிசுக்கு. சாமிக்கு முன்னால அழுக்கா நின்னுது. இந்த வருஷம் அப்பிடி நிக்கக் கூடாது. நீ தேய், நான் சொல்லித் தாறேன்.”

முதலில் மண்ணெண்ணெய். ஆறு பழந்துணி கறுத்துப்போயிற்று. மாமா எண்ணெய் கொடுக்கும் பதினான்கு இடத்தையும் எனக்குத் தெரியுமாகையால் ஒன்றையும் விடாமல் துடைத்தேன். அத்தைக்கு அது போதவில்லை. புளியும் சாம்பலும் பிசைந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தாள்.

“விளக்கு எப்பிடித் தேய்ப்பே? அதுமாதிரிதான். அமுக்கித் தேய்டா, லேத்துக்கு நோவாது.”

நோவாது என்றுதான் நானும் நினைத்தேன். படுக்கையில் புளி பட்டதும் இரும்பின் கருமை கழன்று, உள்ளிருந்து ஒரு வெண்மை வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சக்கரம், கைப்பிடி, நீளத் திருகு எல்லாவற்றையும் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அத்தை சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒட்டியது. படுக்கையின் கடைக்கோடியில் ஈரம் சொட்டச்சொட்ட ஒரு தலைவாழை இலை. அதில் அவல், பொரி, வெல்லம், உடைத்த தேங்காய். தேங்காய்த் தண்ணீர் கொஞ்சம் இலைக்கு அடியில் ஓடியது. விளக்கை ஏற்றிவிட்டு அத்தை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பொடித்த வெல்லம் எப்போது கிடைக்கும் என்று நான் நின்றேன்.

அப்போதுதான் மாமா வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். லேத்தைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

“எப்பிடி இருக்கு?” என்றாள் அத்தை.

“நல்லா மின்னுது.”

“பையன்தான் தேய்ச்சான். புளி போட்டு.”

“மணக்குதே.” மெதுவாகக் கேட்டார்: “ஒரே ஒரு துணி எண்ணெய் மட்டும் மேலோட்டமா ஓட்டிரட்டா?”

“விளக்கு வச்சாச்சு. பூஜையில இருக்கறத யாராவது தொடுவாங்களா? போன வருஷம்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

மாமா செருப்பைக் கழற்றினார். கால் கழுவிக்கொண்டு வந்து, அத்தையின் பக்கத்தில் நின்று கும்பிட்டார். மாமா கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவில்கூட வெடிக்கட்டு வாணவேடிக்கைக்கு மட்டும் போகிறவர் அவர்.

மறுநாள் காலை விழித்ததும் அத்தை வீட்டுக்கு ஓடினேன். வெள்ளி போயிருந்தது. படுக்கை முழுக்க, மஞ்சள்பொடி தூவினமாதிரி மெல்லிய செம்மஞ்சள் பூத்திருந்தது. சந்தனப் பொட்டுகளின் ஓரத்தில் இன்னும் சிவப்பு. நான் பின்கட்டுக்குப் போய் மாமாவின் காதில் சொன்னேன்.

“பாத்தேன்,” என்றார்.

“தொடைச்சிரட்டா? அத்தை குளிக்கப் போயிருக்கா.”

“தொடாதே. அத்தைகிட்ட சொல்லவும் செய்யாதே. கேட்டியா?”

பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். கரியடுப்பை மூட்டிக் கொண்டுவந்து, லேத்தைத் தொடாமல் அதற்கு மிக அருகில் வைத்தார். அறையின் ஈரம் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு. ஆனால் வெறும் கரியடுப்பை அங்கே வைத்தால் அத்தை ஏன் என்று கேட்பாள். அதனால் ஒரு கைப்பிடி சாம்பிராணியைப் போட்டார். அன்று முழுக்க, வியர்வை ஊற்றெடுக்க, கரி அணையாமல் விசிறிக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தடவை சாம்பிராணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை குளித்துவிட்டு வந்து புகைக்குள் நின்று சிரித்தாள்.

“நம்ம வீட்டு நாத்திகருக்குப் பக்தி முத்திருச்சு!”

சாயங்காலம் அப்பா வந்தார். நகரசபை வேலை முடித்து வந்ததும் நாட்டு நடப்புச் சொல்வது அவர் வழக்கம். அன்று அவர் கொண்டுவந்த செய்தி: கோயிலில் கேட்டாராம், இந்த வருடம் தசமி புதன்கிழமை காலையில்தானாம், பூஜை எடுப்பு அன்றைக்குத்தான். நாங்கள் எல்லாரும் செவ்வாய் என்று நினைத்திருந்தோம். எனக்கு இன்னொரு நாள் படிப்பில்லை, குதித்தேன். மாமா விசிறியை நிறுத்திவிட்டு, “செவ்வாய் இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா புகைக்குள் குனிந்து லேத்தைப் பார்த்தார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அத்தை அடுப்படியில் இருந்தாள்.

“என்ன மாப்ளே இது? லேத்து உன்னுது, துணி உன்னுது. தொடைக்கறதுக்குப் பொண்டாட்டிகிட்ட அனுமதி கேக்கணுமா? நம்ம தமிழ்நாட்டு முறையில ஆயுத பூஜை ஒரு நாள்தான். நாளைக்கே எடு. என் தங்கச்சிகிட்ட நான் பேசறேன்.”

“வேண்டாம் மச்சான்.”

“பயம்!”

“பயம்தான்,” என்று மாமா சிரித்தார். “வேற என்னன்னு நெனைச்சீங்க?”

அப்பாவும் சிரித்தார். அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் மாமாவுக்குச் ‘சாம்பிராணி’ என்று பெயர் விழுந்தது. நானும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வேன். இரும்பைச் சீவுகிற மனிதர் இத்தனை கோழையாக இருக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. புளி போட்டவன் நான் என்ற பேச்சை யாரும் எடுக்காததில் நிம்மதியாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குப் படகு முதலாளியின் ஆள் வந்தான். குடையைச் சாத்தி வாசலில் சாய்த்தவன், சிவந்து கிடந்த லேத்தையும் பூவையும் பார்த்தான்.

“தண்டு எவிடே மேஸ்திரி?”

“பூஜை ஒரு நாள் நீண்டுபோச்சு. நாளைக்குக் காலையில எடுத்ததும் முதல் வேலை உங்களுதுதான். ராத்திரிக்குள்ள தந்திருவேன்.”

“கடல்ல மீனு, மேஸ்திரிக்குப் பூஜை முடியட்டும்னு காத்து நிக்குமோ? தோப்பும்படியில ஒரு பட்டறை பூஜையில்லாம ஓடுது. முதலாளி சொன்னாரு, இங்கே ஆகல்லன்னா அங்கே போகச் சொல்லி.”

மாமா அவனை வாசலுக்கு வெளியே கூட்டிப் போனார். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். ஏதோ கெஞ்சினார். அந்த ஆள் உள்ளே கையைக் காட்டி ஏதோ கேட்டான். லேத்தின் மோட்டாரைப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கலாம். மாமா லேத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்னறைப் பக்கம் பார்த்தார். அங்கே அத்தை படுத்திருந்தாள். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினொரு படகும் அவன் பின்னால் போயின.

புதன்கிழமை காலையில் பச்சரிசியில் விரலால் ஹரிஸ்ரீ எழுதிவிட்டு, கணக்குப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அத்தை பிரசாதம் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து மாமா வாழையிலையைத் தூக்கினார். மற்ற இடமெல்லாம் மேல்பூச்சுத்தான். மண்ணெண்ணெயிலும் எண்ணெயிலும் நாள் முழுக்க ஊறவைத்துத் தேய்த்தால் போகும், போயிற்று. இலை கிடந்த இடம் அப்படியில்லை. இலையின் நுனியும் நடுநரம்பும் தெரியும்படி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுஞ்சிவப்பாக இரும்பைத் தின்றிருந்தது. விரலால் தடவினால் அம்மைத் தழும்புபோல நெருடும். மாமா ஒரு தடவை தடவிப் பார்த்தார். அத்தையின் கொலுசுச் சத்தம் கேட்டது. உடனே, நீளமான வேலைப் பொருளின் மறுமுனையைத் தாங்குவதற்காகக் கடைக்கோடியில் இருக்கும் பின்தலையை இழுத்து, சரியாக அந்தத் தழும்பின் மேல் நிறுத்தினார். அத்தை நீட்டிய அவலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து வேலை முடிந்தால் பின்தலை நிற்கும் இடம் அதுதான். நான்கு மாதம் கழித்து மாமா மறுபடி கூலிக்குப் போனார். ஓய்வு வயதுவரை போனார். லேத்து சாயங்காலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆயிற்று. விற்ற நான்கு வளையலும் திரும்பவில்லை. ஆனால் காலையில் பதினான்கு இடத்துக்கு எண்ணெய் கொடுப்பது ஒரு நாளும் நிற்கவில்லை.

அடுத்த மார்ச்சில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து. அதையும் அந்தச் சாம்பிராணிப் புகையையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் பதினைந்து வருடம் வேண்டியிருந்தது. அம்மாதான் ஒரு நாள் வேறு ஏதோ பேச்சில் சொன்னாள். நான் புளி தேய்த்ததற்கு முந்தின வருடம் நவமி அன்று, அவசரம் என்று யாரோ கெஞ்சியதால், மாமா பூவை ஒதுக்கி வைத்துவிட்டு லேத்தை ஓட்டினாராம். அந்த வாரமே அத்தைக்கு ஐந்தாவது மாதத்தில் கரு கலைந்துபோயிற்றாம். அத்தை வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் மாமாவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது போலிருக்கிறது. சாமிக்குப் பயந்தவர் இல்லை அவர். மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால், அத்தை காலம் முழுக்க அந்த எண்ணெய்த் துணியை நினைத்துக்கொண்டிருப்பாளே என்று பயந்தார். அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். அவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இன்று அந்த லேத்து என் வீட்டில் இருக்கிறது. அத்தையும் மாமாவும் இல்லை. அத்தை மகள் மஸ்கட்டில் இருக்கிறாள், “நீங்களே பாத்துக்கோங்க அத்தான், வேற யாரு எண்ணெய் விடுவா?” என்றாள். சனிக்கிழமைதோறும் விடுகிறேன். எண்ணெய் விலை வருடத்துக்கு வருடம் ஏறுகிறது, முழங்கால் குனிய விடுவதில்லை, கம்பளித் திரி கேட்டால் கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான். போர்ட் கொச்சியில் காபிக் கடை வைத்திருக்கும் ஒருவன் மூன்று தடவை வந்தான். மேலே கண்ணாடி போட்டு மேசையாக்குவானாம். எண்ணெய் வேண்டாம், வார்னிஷ் போதும் என்றான். அனுப்பிவிட்டேன்.

அந்தத் தழும்பு மட்டும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கூட்டலில் விட்டுப்போன ஒரு பைசா மாதிரி. பின்தலையை நகர்த்தித் துடைக்கும்போதெல்லாம் புளிச் சிரட்டை ஞாபகம் வரும். மாமா உயிரோடு இருக்கும்வரை நான் செய்யாததை இப்போதாவது செய்துவிடலாம் என்று தோன்றிற்று. போன கோடையில் படுக்கையைக் கழற்றி, களமசேரிப் பக்கம் ஒரு பட்டறைக்குச் சாணை பிடிக்க அனுப்பினேன். பட்டறைக்காரன் விரலால் தடவிப் பார்த்தான்.

“சேட்டா, இது கடைசி ஓரத்துல அல்லே? பணிக்கு ஒரு குழப்பமும் இல்ல. வெறுதே காசு களையணோ?”

காசை வீணாக்க வேண்டாம் என்பதுதான் அர்த்தம். நான் கேட்கவில்லை. சாணை பிடித்து வந்தது. ஒன்பதாவது வயதில் நான் தேய்த்து முடித்தபோது இருந்த அதே வெள்ளி. எண்ணெய் தடவினேன்.

டிசம்பரில் அத்தை மகள் வந்தாள். வந்ததும், செருப்போடு, நேராக லேத்திடம் போனாள். பழக்கப்பட்டவள்போலப் பின்தலையைத் தளர்த்தித் தள்ளினாள். குனிந்தாள். உள்ளங்கையால் தடவினாள். கையை எடுத்து மறுபடி தடவினாள்.

“அத்தான், என் மச்சம் எங்கே?”

எனக்குப் புரியவில்லை.

“அப்பா காட்டித் தருவாரே. பூஜை எடுக்கற அன்னைக்கு, நான் அரிசியில எழுதினதும், இதைத் தள்ளிட்டுக் கைய வச்சுப் பாக்கச் சொல்லுவார். உனக்கு வரவேண்டிய வடுவை லேத்து வாங்கிக்கிச்சு, அதனாலதான் நீ ஒரு மச்சம்கூட இல்லாம பொறந்தேன்னு. எங்கே அது?”

“அத்தைக்குத் தெரியாமலா காட்டினார்?” என்றுதான் கேட்டேன். வேறு என்ன கேட்பது?

“அம்மாவுக்குத் தெரியாதா? சாம்பிராணிக்கு யாராவது நாள் முழுக்கக் கரி போடுவாங்களான்னு என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. தனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சு வச்சிருந்தா, அவ்வளவுதான்.”

 எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பின்தலையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள். மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

புகை நிறைந்த அந்த அறையில், ஒருவரிடமிருந்து ஒருவர் எதையோ மறைத்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். நடுவே நின்ற பையன் ஒரு கோழையையும் ஒரு சோம்பேறியையும் எண்ணிக்கொண்டு, வெல்லம் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனான். மிச்சமிருந்த ஒரே சாட்சியையும் அவனே சாணைக்கு அனுப்பித் தேய்த்தான். லாரி வாடகை, சுமைகூலி, சாணைக் கூலி எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.